யார் வரவில்லை என்ற வரி

தேனியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை, போன வாரத்து ஆட்டக்கணக்கை ஒரு தாளில் எழுதி வாசல் கண்ணாடியில் ஒட்டுவது. பெரியகுளம் தொடங்கி சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வரை நம்ம ஊர்ப் பையன்களும் பிள்ளைகளும் எங்கே ஆடினார்கள், என்ன ஆனது என்பதுதான் கணக்கு. கபடி, வாலிபால், கூடைப்பந்து மூன்றும் கட்டாயம் உண்டு. கிரிக்கெட் இடம் இருந்தால். யாரும் கேட்டு எழுதுவதில்லை. ரசிகனுக்கு எதற்கு உத்தரவு?

முதல்முறை படிக்கிறவர்கள் கொஞ்சம் குழம்புவார்கள். அணியின் பெயருக்கு அடியில் 'வராதவர்கள்' என்று ஒரு வரி இருக்கும். ஸ்கோர் அதற்கும் கீழேதான். தமிழ் தலைவாஸ் தோற்றால் பயிற்சியாளரைத் திட்டலாம், ஏலத்தில் எடுத்த ஆளைத் திட்டலாம், தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து வியூகம் பேசலாம். 2017-ல் அந்த அணி புரோ கபடிக்கு வந்ததிலிருந்து இங்கே டீக்கடைகளில் அதுதான் நடக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கிராமத்து அணி தோற்றால் வியூகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. யார் வரவில்லை என்று கேட்டால் ஆட்டத்தில் பாதி புரிந்துவிடும். ஏன் வரவில்லை என்றும் கேட்டால் மீதியும் புரியும்.

ஜூன் மாதம் முல்லைப் பெரியாறு தண்ணீர் முதல் போகத்துக்குத் திறக்கப்படுகிறது. பள்ளத்தாக்கில் இருபோக நெல் நிலம் மட்டும் 14,707 ஏக்கர். நாற்றங்கால், உழவு, நடவு என்று வேலை தொடங்கியதும் ஒரு கபடி அணியின் கார்னர் ஆட்டக்காரன் டிராக்டரில் உட்கார்ந்திருப்பான். ஏலக்காய் பறிப்பு வந்தால் இன்னும் சிக்கல். விடியும் முன்பே ஜீப்புகள் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மலை ஏறிவிடும். சாயங்காலம் அவை இறங்குகிற நேரத்தைப் பொறுத்துத்தான் அன்றைக்கு ராத்திரி எந்த அணிக்கு முழு பலம் என்று தெரியும். மாற்று ஆள் ஒருவன்கூட இல்லாமல் ஏழு பேரோடு இறங்கி, பாதி ஆட்டம் முடிகிற நேரத்தில் எஸ்டேட் உடுப்போடு ஓடி வந்து பெஞ்சில் உட்காருகிறவனைப் பார்த்து மொத்த அணிக்கும் மூச்சு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

கபடியில் கண்ணை எங்கே வைப்பது என்பது பழக்கத்தில் வருவது. கூட்டம் முழுக்கப் பாடிப் போகிறவனையே பார்க்கும். நான் கவரைப் பார்ப்பேன். வந்தவன் திரும்புகிற நொடியில் கார்னர் குனிந்து கணுக்காலைப் பிடிப்பான். பிடி விழுந்த அதே மூச்சில் பக்கத்துக் கவர் வந்து மேலே மோத வேண்டும். வருஷக்கணக்காகச் சேர்ந்து ஆடினவர்கள் என்றால் இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்கும். கவரில் புதுப்பையன் நின்றால் சத்தம் இரண்டாகக் கேட்கும். அந்த இடைவெளியில் பாடிப் போனவன் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். தாளில் அது எதிரணிக்கு ஒரு பாயின்ட். கார்னர் நன்றாகத்தான் பிடித்தான், கவர்க்காரன் வண்டன்மேட்டில் இருந்தான் என்பதை எந்த ஸ்கோரும் சொல்லாது. அதை எழுதத்தான் என் வரி. மண்ணில் மட்டுமே ஆடிப் பழகிய கால்கள் மாவட்டத் தேர்வுக்குப் போய் மேட் விரிப்பில் வழுக்குவதும் இதே மாதிரி ஸ்கோரில் வராத சங்கதிதான். அதற்கும் ஓர் ஓரத்தில் இடம் கொடுக்கிறேன்.

ஆனி, ஆடியில் இன்னொரு ஆட்டக்காரர் சேர்ந்துகொள்வார்: காற்று. கேரளப் பக்கமிருந்து மலை இடுக்கில் புகுந்து வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள். திறந்தவெளி வாலிபாலில் அந்த இரண்டு மாதமும் டாஸ் ஜெயித்த கேப்டன் சர்வீஸ் கேட்டால் எனக்குக் கோபம் வரும். பக்கம் கேட்க வேண்டாமா? எதிர்க்காற்றில் போடும் சர்வீஸை வலைக்கு மேல் பிடித்து நிறுத்தினது போல் காற்று இறக்கிவிடும். பின்காற்றில் அதே கை போட்டது கோட்டைத் தாண்டிப் போய் விழும். 15 பாயின்ட் காலத்தில் சர்வீஸ் வெளியே போனால் சர்வீஸ்தான் போகும், பாயின்ட் போகாது. 1990-களின் கடைசியில் ஒவ்வொரு பந்துக்கும் பாயின்ட் என்று விதி மாறியதிலிருந்து வெளியே போன ஒவ்வொரு சர்வீஸும் எதிரணிக்குத் தர்மம். செட்டுக்குச் செட் பக்கம் மாறுவதால் கணக்கு சரியாகிவிடும் என்பார்கள். முதல் செட்டைக் காற்றோடு சேர்ந்து எடுத்த அணி அடுத்த செட்டில் என்ன தைரியத்தில் ஆடும் என்பதை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஆடியில் என் தாளில் எந்தப் பக்கம், எந்த செட் என்பதும் இருக்கும்.

கிரிக்கெட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016-ல் டிஎன்பிஎல் வந்ததிலிருந்து இங்கே ஆட்களுக்கு மதுரையா திண்டுக்கல்லா என்று ஒரு சண்டை. நமக்கென்று அணி இல்லாததால் வந்த சண்டை. மதுரை 2018-ல் கோப்பை வாங்கியது, திண்டுக்கல் 2024-ல் வாங்கியது. இரண்டு முறையும் என் கடைக்கு முன்னால் வெடி போட்டார்கள். நான் தாளில் சேர்க்கவில்லை. தொலைக்காட்சியில் வருவதை நான் எதற்கு எழுத வேண்டும்? அதைவிட நியாயமானது, தங்களை எழுதுவதில்லை என்ற மாட்டுவண்டிப் பந்தயக்காரர்களின் புகார். இரட்டை மாடு, ஓட்டுகிறவர், கூட ஓடுகிறவர் என்றால் அது அணி இல்லாமல் வேறென்ன என்று கேட்கிறார்கள். தேன்சிட்டு, தட்டான்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று பிரிவுகளின் பெயர்களைப் படித்தாலே எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மாட்டைப் பார்க்கத் தனிக் கண் வேண்டும். எனக்கு அது இல்லை.

எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது கூடைப்பந்து. இந்த மாவட்டத்தில் பிறந்தவனுக்கு அது ஆச்சரியமில்லை. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிளி ஸ்போர்ட்ஸ் கிளப் அறுபது பதிப்புகளைத் தாண்டி நடத்திவரும் பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பை அகில இந்தியப் போட்டி, கோடை வந்தால் ஊரையே மைதானத்துக்கு இழுத்துவிடும். மின்னொளியில், ராத்திரியில். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கடற்படை, ராணுவம், கேரள மின்வாரியம் என்று பெரிய பெரிய அணிகள் வராக நதிக்கரை ஊருக்கு வந்து ஆடும். முன்வரிசைப் பெரியவர்களில் சிலர் இருபது இருபது நிமிஷமாக இரண்டு பாதி ஆடிய காலத்திலிருந்தே பார்ப்பவர்கள். 2000-ல் அது பத்து நிமிஷம் வீதம் நாலு கால்வாசியாகி, பந்தைக் கூடைக்கு எறிய இருந்த முப்பது விநாடி இருபத்துநாலாகச் சுருங்கியபோது, "இனிமே யோசிச்சு ஆட மாட்டானுக" என்று ஒரு பெரியவர் அலுத்துக்கொண்டது நினைவிருக்கிறது. அவர் அடுத்த வருஷமும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஸ்கோர் ஷீட் எழுத மாவட்ட ஆட்டங்களில்தான் பழகினேன். முதல், மூன்றாம் கால்வாசிக்குச் சிவப்பு மை. மற்றதற்கு நீலம் அல்லது கறுப்பு. இரண்டு பாயின்டுக்கு எண்ணின் மேல் சாய்கோடு, ஃப்ரீ த்ரோ விழுந்தால் அடைத்த ஒரு புள்ளி, மூன்று பாயின்ட் என்றால் போட்டவனின் நம்பரைச் சுற்றி ஒரு வட்டம். பழகியவனுக்கு மறுநாள் காலையில் அந்தத் தாள் ஒன்று போதும். ஒரு கால்வாசிக்கு உண்டான நாலு டீம் ஃபவுல் கட்டமும் சீக்கிரமே நிறைந்திருந்து, எதிர்ப்பக்கம் அடைத்த புள்ளிகள் அடுத்தடுத்து இறங்கினால், தோற்ற அணிக்குக் கால் ஓய்ந்துவிட்டது, கையால் தடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். கால் ஏன் ஓய்ந்தது? ஆட்டக்காரர் பட்டியலைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு பேருக்கு இடம் இருக்கிற பட்டியலில் ஏழு பெயர்தான் இருக்கும். வராதவர்கள் என்ற வரி எனக்கு அங்கேதான் தோன்றியது.

ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு வேறு ஓர் அனுகூலம் உண்டு. எந்தப் பையன் ஊரை விட்டுக் கிளம்பப் போகிறான் என்பது அவன் கேப்டனுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள் ஃபார்ம் டூ எடுத்துக்கொண்டு வருவான். மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்கான சான்றிதழ் அது. பல்கலைக்கழகத்துக்காக ஆடியிருந்தால் ஃபார்ம் த்ரீ. காவலர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்குப் பத்து விழுக்காடு இடம். "அண்ணே, சீல் நல்லா தெரியிற மாதிரி எடுங்கண்ணே" என்பான். நாலைந்து காப்பி எடுத்து, மேல்தாளைத் துடைத்துக் கொடுப்பேன். சில மாதம் கழித்து அவன் பெயரும் வராதவர்கள் வரியில் ஏறும். ஏலக்காய்க்குப் போனவன் அடுத்த வாரம் திரும்புவான். இவன் திரும்ப மாட்டான். திரும்பினால் இலாகா ஜெர்சியில் எதிர்ப்பக்கம் நிற்பான்.

அதனால் அந்த வரியை இரண்டாகப் பிரித்துவிட்டேன்: 'வேலையாகப் போனவர்கள்', 'வேலைக்குப் போனவர்கள்'. இங்கேதான் எனக்கும் சங்கச் செயலாளர்களுக்கும் வழக்கு. ஒரே வருஷத்தில் நல்ல ஆட்கள் பலரை வேலைக்குக் கொடுத்துவிட்டு, பள்ளிப் பையன்களை வைத்து வரிசையாகத் தோற்கிற அணியை நான் மாவட்டத்தின் நல்ல அணி என்று எழுதுவேன். கோப்பைகளை அடுக்கிவைத்திருக்கிற, பத்து வருஷமாக ஒருவனும் எங்கும் போகாத அணியை அப்படி எழுத மாட்டேன். ஒருவனைத் தயார் பண்ணிக் கையைவிட்டு அனுப்புவதுதானே உள்ளூர்ச் சங்கத்தின் தொழில்? கோப்பை வைத்திருப்பவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பெண்கள் அணிகளுக்கு இந்தப் பிரிவினை போதவில்லை. பிளஸ் டூ முடிந்ததும் பாதி அணி காணாமல் போகிறது. கல்லூரிக்குப் போனவர்கள் வேறு ஊர் ஜெர்சியில் தென்படுகிறார்கள். மற்றவர்களைப் பற்றிக் கேட்டால், "கல்யாணம் பேசிட்டாங்கண்ணே" என்கிறார்கள், ஆட்டம் முடிந்துவிட்டது என்கிற தொனியில். மாநிலப் போட்டி வரை போன ஒரு பெண்ணின் பெயரை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் எழுதினேன். அவளுடைய பயிற்சி ஆசிரியை வந்து படித்தார். ஒன்றும் சொல்லாமல் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

செயலாளர்களில் ஒருவர் மட்டும் வாரம் தவறாமல் வந்து சத்தம் போடுவார். "நாங்க தோத்துட்டு நிக்கிறோம், நீங்க வெல்லத்தைத் தடவி எழுதுறீங்க. ஊர்ல கேலி பண்றாங்கண்ணே. ஸ்கோரை மட்டும் போடுங்க" என்பார். போன திங்கட்கிழமை அவர் அணி மறுபடியும் தோற்றிருந்தது, பெரிய வித்தியாசத்தில். வழக்கம்போலக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மேலிருந்து கீழே படித்தார். ஸ்கோரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வேலைக்குப் போனவங்க லிஸ்ட்ல இன்னொரு பேரு எழுதுங்கண்ணே. நம்ம லெஃப்ட் கார்னர். சனிக்கிழமைதான் ஆர்டர் வந்துச்சு, ஆவடியாம்."