பெயர் யார் பெயரில் இருக்கிறது?

எங்கள் குடும்பத்தில் கம்பி, மின்சாரம், கம்ப்யூட்டர் என்று எது வந்தாலும் "மாமாவைக் கேளுங்க" என்று என்னிடம் அனுப்பிவிடுவார்கள். முப்பது வருடத்துக்கு மேல் தொலைபேசித் துறையில் கேபிள் இணைத்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நம்பி நானே என் மச்சானுக்குச் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

மச்சான் என் மனைவியின் தம்பி. மரக்காணத்தில் குத்தகைக்கு உப்பளம் எடுத்து நடத்துபவர். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததே, அதற்குப் பிறகு வியாபாரம் மந்தமாகிவிட்டது. வழக்கமாக வரும் தரகர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். நான்தான் சொன்னேன். "மச்சான், ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாயில் படகு விட்டு வியாபாரம் பண்ணாங்க. அப்புறம் லாரி வந்தது. இப்ப இன்டர்நெட். நமக்கும் ஒரு வெப்சைட் வேணும்."

தெரிந்தவர் மூலம் ஒரு பையனைப் பிடித்தேன். 12,000 ரூபாய் கேட்டான், கொடுத்தோம். பத்து நாளில் தளம் வந்தது. மேலே ஆங்கிலத்தில் நல்வரவு ஓடியது. தமிழ் எழுத்துகள் சில கம்ப்யூட்டர்களில் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. யூனிகோடில் அடிக்காமல் ஏதோ பழைய எழுத்துருவில் அடித்திருந்தான். படத்தில் உப்புக் குவியலுக்குப் பின்னால் பெரிய மலை. "மாமா, மரக்காணத்துல ஏது மலை?" என்று மச்சான் கேட்டார். எங்கிருந்தோ எடுத்துப் போட்ட படம். "அதையெல்லாம் யார் பாக்கப் போறாங்க" என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

இருந்தாலும் போன் வந்தது. ஓசூர் பக்கமிருந்து ஒரு வியாபாரி வருடம் தவறாமல் லாரி அனுப்ப ஆரம்பித்தார். சந்தோஷத்தில் மச்சான் சாக்கிலும் ரசீதுப் புத்தகத்திலும் தளத்தின் முகவரியை அச்சடித்துவிட்டார்.

2017-இல் ஒரு நாள் அந்த ஓசூர்க்காரர் கூப்பிட்டார். "என்னங்க, உப்பு வியாபாரத்தை விட்டுட்டு சீட்டாட்டம் நடத்துறீங்களா?" என்றார். திறந்து பார்த்தால் எங்கள் முகவரியில் சூதாட்ட விளம்பரம்.

விஷயம் இதுதான். இணையதளத்தின் பெயர், அதாவது டொமைன், நிலம் மாதிரி ஒரு தடவை வாங்கினால் நமக்கே சொந்தம் என்று ஆவதில்லை. குத்தகைதான். காலக்கெடுவுக்குள் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் உடனே போய்விடாது. எங்களுடையது போல 'டாட் காம்' என்று முடியும் பெயராக இருந்தால், பதிவு செய்த நிறுவனத்தைப் பொறுத்துச் சில வாரம் சாதாரணக் கட்டணத்தில் மீட்கலாம். அதற்குப் பின் 30 நாள் கூடுதல் கட்டணத்தில் மீட்கலாம். அதன் பிறகு ஐந்து நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எங்கள் பெயரை அந்தப் பையன் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிவு செய்திருந்தான். நினைவூட்டல் எல்லாம் அவனுக்குத்தான் போயிருக்கும். அவன் எப்போதோ வளைகுடாவுக்குப் போய்விட்டான், பழைய எண்ணும் வேலை செய்யவில்லை. அவனைக் குறை சொல்லி என்ன பயன்? பத்திரம் யார் பெயரில் என்று பார்க்காமல் யாராவது மனை வாங்குவார்களா? நான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

மச்சான் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "விடுங்க மாமா" என்றார். மீதமிருந்த சாக்குகளில் முகவரியை ஒவ்வொன்றாகக் கறுப்பு மை தடவி அழித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வருடம் அவருடைய மகள்தான் மறுபடி ஆரம்பித்தாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். தளம் கட்டுவதற்கு முன் ஒரு மாதம், அப்பாவுக்கு வரும் ஒவ்வொரு போனிலும் என்ன கேட்கிறார்கள் என்று நோட்டில் எழுதினாள். திரும்பத் திரும்ப ஐந்தே கேள்விகள். என்ன உப்பு, சாக்கு எத்தனை கிலோ, இன்றைய விலை, லாரி உள்ளே வருமா, மழைக்காலத்தில் கிடைக்குமா. அந்த ஐந்துக்கும் பதில்தான் தளம். நல்வரவு கிடையாது. அயோடின் சேர்க்காத உப்பை நேரடிச் சமையலுக்கு விற்கக்கூடாது என்று 2006 மே முதல் தடை இருப்பதால், 'கருவாடு, ஐஸ், தோல் வேலைக்கு மட்டும்' என்று முதல் வரியிலேயே போட்டாள். படம் எங்கள் அளத்திலேயே செல்போனில் எடுத்தது. பெயர் அப்பா பெயரில், நினைவூட்டல் வீட்டில் மூன்று பேருக்கு. அந்த 2018 ஜூலையிலிருந்து பூட்டு இல்லாத தளங்களைக் குரோம் உலாவி 'பாதுகாப்பற்றது' என்று காட்ட ஆரம்பித்திருந்தது. அதனால் அந்தச் சான்றிதழையும் போட்டுவிட்டாள்.

"கட்டுறது சுலபம் அத்தை வீட்டு மாமா, வச்சுக் காப்பாத்துறதுதான் கஷ்டம்" என்றாள். உப்பளத்துப் பெண் அல்லவா! மழை முடிந்ததும் தை மாதத்தில் தண்ணீரை இறைத்து, சேற்றை வழித்து, வரப்பைக் கட்டி, பாத்தியைக் காலால் மிதித்து இறுக்கினால்தான் உப்பு வெள்ளையாக விளையும். போன வருடம் மிதித்தோமே என்று விட்டால் சேறுதான் வரும். அதனால் பாத்தி மிதிக்கிற அதே வாரத்தில் தளத்தையும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். எண் சரியா, விலை சரியா, கெடு எப்போது. அந்த வேலை என்னுடையது. கேட்டு வாங்கிக்கொண்டேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் வந்தது. அளமெல்லாம் ஒரே வெள்ளம். கீற்றுப் போட்டு மூடி வைத்திருந்த உப்பு கரைந்து போயிற்று. கரண்ட் வந்ததும் மச்சான் முதலில் கேட்டது, "மாமா, வெப்சைட்டுல இருப்பு இருக்குன்னு போட்டிருக்கே, மாத்திட்டீங்களா?" என்றுதான். 'புயலில் உப்பு போய்விட்டது. புது உப்பு வந்ததும் இங்கே தேதி போடுகிறோம்' என்று இரண்டு வரி எழுதினேன். புது உப்பு வாரியதும் தேதியும் போட்டேன். மறுநாள் காலையில் ஓசூரிலிருந்து போன். "இல்லைன்னா இல்லைன்னு சொல்ற ஆளுகிட்டதான் வாங்கணும்" என்றாராம். மச்சான் அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

உங்கள் பிள்ளைகளோ மருமக்களோ கடைக்கு வெப்சைட் வைத்திருந்தால், எனக்காக ஒன்று செய்யுங்கள். இன்று ராத்திரி சாப்பிடும்போது கேளுங்கள்: "பெயர் யார் பெயரில் இருக்கிறது?"