ஓசூர் எல்லையில் இஞ்சிக்கு எத்தனை பெயர்!

விடியற்காலை ஐந்தரை மணி. ஓசூர் சிப்காட் பக்கம் கம்பெனி பஸ்கள் வரிசையாக வரத் தொடங்கும் நேரம். மார்கழி, தை மாதங்களில் எதிரே வருவது பஸ்ஸா லாரியா என்று விளக்கு வெளிச்சத்தை வைத்துத்தான் யூகிக்க வேண்டும். அவ்வளவு பனி. டீக்கடைக்குள் பாய்லருக்குப் பக்கத்தில் 'டொக் டொக்' என்று இடிகல் சத்தம். இஞ்சி நசுங்குகிறது.

"அண்ணா, இஞ்சி தூக்கலா ஒரு டீ" என்கிறார் தர்மபுரியிலிருந்து வேலைக்கு வந்தவர். பாகலூர் பக்கத்துக்காரர் வாயில் அது 'அல்லம் டீ'. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். அங்கிருந்து இந்தப் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள் 'ஷுண்டி' என்கிறார்கள். பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்களுக்கு 'அத்ரக்', ஒடிசாக்காரர்களுக்கு 'அதா'. டீ மாஸ்டருக்கு எல்லாம் புரியும். ஒரே பாத்திரத்திலிருந்துதான் ஊற்றுகிறார்.

இந்தப் பெயர்களுக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. பச்சையாக இருந்தால் இஞ்சி, காய்ந்தால் சுக்கு என்று தமிழில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். தெலுங்கில் அல்லம், சொண்டி. இந்தியிலும் அப்படியே இரண்டு. கன்னடத்தில் மட்டும் இரண்டுமே ஷுண்டிதான். பச்சை என்றால் 'ஹசி ஷுண்டி', காய்ந்தது என்றால் 'ஒண ஷுண்டி'. எல்லையோரத்து மளிகைக் கடையில் வெறுமனே 'ஷுண்டி' என்று கேட்டால், 'எது?' என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் எடுத்துத் தருவார்கள். ஆங்கிலத்தின் 'ஜிஞ்சர்' கூட நம் 'இஞ்சி'யின் வேரிலிருந்து கிளம்பி, கிரேக்கம், லத்தீன் எல்லாம் சுற்றிவிட்டு வந்த சொல் என்கிறார்கள் மொழியியலாளர்கள்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிருஷ்ணகிரியில் மின்விசிறி சுற்றும்போது இங்கே ஸ்வெட்டரோடு நடப்பார்கள். தளி, ஓசூர் பகுதியை வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று கொண்டாடியது இந்தக் குளிருக்காகத்தான். பிறகு சிப்காட் வந்தது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சிறிய பட்டறைகள் சந்துக்குச் சந்து முளைத்தன. 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019-ல் ஓசூர் மாநகராட்சியானது.

ஊர் இப்படி வளர்ந்ததில் வாடகை அறைகளும் பெருகின. நான்கு பேர், ஐந்து பேர் சேர்ந்து ஒரு அறை. ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. ஜன்னல் ஓரத்தில் உப்பு, மிளகாய்த்தூளோடு ஒரு துண்டு இஞ்சி நிச்சயம் இருக்கும். தொண்டை கரகரத்தால் இஞ்சியைத் தட்டிக் கொதிக்க வைத்துக் குடிப்பது, வயிறு மந்தமானால் இஞ்சிச் சாறில் தேன் கலந்து விழுங்குவது, தலைபாரத்துக்குச் சுக்கை உரசி நெற்றியில் பற்று போடுவது... இதெல்லாம் ஊரில் பாட்டி செய்தது. இங்கே பாட்டி இல்லை; போனில் கேட்டுச் செய்துகொள்கிறார்கள். தமிழ் பாட்டி சுக்கு, மல்லி, கருப்பட்டி என்பார். கன்னட அஜ்ஜி மல்லி, சீரகம், மிளகு பொடித்துப் பால் ஊற்றிக் 'கஷாய' செய்யச் சொல்வார். பக்கத்துப் பக்கத்து அறையில் இரண்டும் கொதிக்கும்.

பாலில் பச்சை இஞ்சியை நேரடியாகப் போட்டால் திரிந்துபோவது ஏன் என்று புதிதாகச் சமைக்க வந்த பையன்கள் குழம்புவதுண்டு. பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தை உடைக்கும் ஒரு நொதி இருக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் அதன் வேலை போய்விடும். டீ மாஸ்டர்கள் முதலில் தண்ணீரில் இஞ்சியைக் கொதிக்கவிட்டு, பிறகு பாலைச் சேர்ப்பது அதனால்தான். இஞ்சிச் சாறைத் தெளியவிட்டால் அடியில் வெள்ளையாகத் தங்குவது நஞ்சு என்று வீடுகளில் கொட்டிவிடுவார்கள். அது பெரும்பாலும் மாவுச்சத்துதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் கொட்டுகிறவர்கள் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்!

இஞ்சியின் காரம் 'ஜிஞ்சரால்' என்ற பொருளால் வருவது. காயும்போது அதில் ஒரு பகுதி 'ஷோகால்' என்ற இன்னும் காரமான பொருளாக மாறுகிறது. இஞ்சிக்கு ஜப்பானியர் சொல்லும் 'ஷோகா'விலிருந்து வந்த பெயர் இது. சுக்குக்கு என்று தனிக் குணம் உண்டு எனப் பெரியவர்கள் சொன்னதில் காரணம் இல்லாமல் இல்லை. 2020 கொரோனா காலத்தில் தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த கபசுரக் குடிநீரிலும், அதற்கு முன்பு டெங்கு காலத்தில் கொடுத்த நிலவேம்புக் குடிநீரிலும் சுக்கு உண்டு.

சரி, இஞ்சி உண்மையில் எதற்குக் கேட்கிறது? குமட்டலுக்குத்தான் ஆய்வுகளின் ஆதரவு அதிகம். 1982-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பயணத்தில் குமட்டல் வருகிறவர்களைச் சுழலும் நாற்காலியில் உட்காரவைத்துச் சோதித்தபோது, வழக்கமான மாத்திரையைவிட இஞ்சித்தூள் சாப்பிட்டவர்கள் அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே அதை ஆமோதிக்கவில்லை. கர்ப்பகாலக் குமட்டலுக்கு ஓரளவு பலன் உண்டு என்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனால், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அளவோடு எடுக்க வேண்டும். சளிக்கும் தொண்டைவலிக்கும் சூடான இஞ்சித் தண்ணீர் இதமாக இருக்கும். சளியை இரண்டு நாள் முன்னதாக விரட்டும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது.

ஓசூரில் பிரச்னையே அந்த இரண்டு நாளில்தான்.

தினக்கூலியாகவோ கான்ட்ராக்ட்டிலோ வேலை பார்க்கிறவருக்கு, ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு. இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை உண்டு. மருத்துவச் சான்று இருந்தால் சம்பளத்தில் 70 சதவிகிதம், வருடத்துக்கு 91 நாள் வரை. நல்ல திட்டம். ஆனால், உடம்பு சரியில்லாமல் போன முதல் இரண்டு நாளுக்கு, பொதுவாக அந்தத் தொகை கிடையாது. 15 நாளுக்குள் மறுபடி நோய் வந்தால்தான் இந்தக் கணக்கில் விலக்கு. சாதாரணச் சளிக்காய்ச்சலோ பெரும்பாலும் அந்த இரண்டு மூன்று நாள் சமாசாரம். ஆகவே இஞ்சி டீயைக் குடித்துவிட்டு ஷிஃப்டுக்குப் போகிறார்கள். பாட்டி வைத்தியத்தில் கஷாயத்தோடு ஓய்வும் சேர்ந்தே இருந்தது. 'கஞ்சி குடிச்சுட்டுப் போர்வையை இழுத்திப் படு' என்ற பாதி இங்கே விடுபட்டுவிட்டது.

இரவு ஷிஃப்டில் தூக்கத்தை விரட்ட வெறும் வயிற்றில் மூன்று நான்கு இஞ்சி டீ குடிப்பவர்களுக்கு நெஞ்செரிச்சல் வருவதும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், தினமும் இஞ்சிச் சாறு குடிக்கும் முன் மருத்துவரைக் கேட்பது அவசியம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இஞ்சிச் சாறில் தேன் குழைத்துத் தரவே கூடாது. தேன் அந்த வயதில் ஆபத்து. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ இடிகல்லை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மதியம் இரண்டு மணிக்கு முதல் ஷிஃப்ட் முடியும். சனிக்கிழமை என்றால் ஊருக்குப் போகிற கூட்டம் பஸ் ஸ்டாண்டில் நெருக்கும். தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்குப் போகிறவர்களுக்கு மலைப்பாதை வளைவுகள் காத்திருக்கின்றன. புறப்படும் நேரத்தில் ஜன்னல் ஓரமாக வந்து நிற்கிறார் இஞ்சி மரப்பா விற்பவர். குழந்தையை மடியில் வைத்திருக்கும் ஒரு அம்மா பாக்கெட்டைப் பிரித்து, ஒரு துண்டைக் கடித்துப் பாதியாக்கிக் கொடுக்கிறார். குழந்தை முகத்தைச் சுளிக்கிறது. துப்பவில்லை, சர்க்கரை இருக்கிறதே!