தேடப்படுகிறது

'தேடப்படுகிறது, தயவுசெய்து காத்திருக்கவும்.' கம்ப்யூட்டர் திரையில் அடிக்கடி தென்படும் இந்த வாக்கியத்தில் தேடுகிறவர் இல்லை. எங்கே தேடுகிறார், எவ்வளவு முடிந்தது என்பதும் இல்லை. பொறுப்பைக் கழற்றிவிடச் செயப்பாட்டுவினை எவ்வளவு சௌகரியமானது என்பது வங்கிக் கடிதங்கள் எழுதுகிறவனுக்கு நன்றாகவே தெரியும்.

கணக்கு எண்ணைக் கொடுத்தால் பதில் உடனே வந்துவிடும். எண்களுக்கு 'இன்டெக்ஸ்' என்ற வரிசைப்பட்டியல் உண்டு. லட்சக்கணக்கான பதிவுகளிலும் சில தாவல்களில் இடத்தைப் பிடித்துவிடலாம். பெயரின் நடுத்துண்டை மட்டும் கொடுத்தால் அந்த வரிசை பயன்படாது. முதல் பதிவிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும். கடைசி எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு அகராதியில் ஒரு சொல்லைத் தேடுவது போலத்தான்.

காலமான கணவர் போட்டுவைத்த பணத்தைத் தேடி ஓர் அம்மாள் வந்தார். பாஸ்புக் இல்லை. முத்துகிருஷ்ணன் என்று எழுதினாரா, வெறும் கிருஷ்ணனா, இனிஷியல் முன்னாலா பின்னாலா, எதுவும் நிச்சயமில்லை. 'கிருஷ்ண' என்ற துண்டைக் கொடுத்தேன். திரையில் சக்கரம் சுழன்றது.

"என்ன தம்பி சொல்லுது?"

"தேடிக்கிட்டிருக்குங்கம்மா."

"தேடுதா, சும்மா சுத்துதா?"

இவ்வளவு கூர்மையான விமர்சனக் கேள்வியை ஆங்கில இலக்கிய வகுப்பில் மூன்று வருஷமும் நான் கேட்டதில்லை. சக்கரமும் வாக்கியமும் என் மேஜையிலிருக்கும் பிரௌஸரின் காரியம். பொத்தானை அழுத்தியவுடன், கேள்வி ஸர்வரைச் சேருமுன்பே, அவை தோன்றிவிடுகின்றன. வழியில் இணைப்பு அறுந்தாலும், அதைக் கவனித்துச் சொல்லும்படி யாரும் நிரல் எழுதியிராவிட்டால், சக்கரம் சுழன்றுகொண்டேதான் இருக்கும். அனுபவத்தைத் தொடாமலே உருகுகிற கவிதைகளைப் படித்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

அம்மாள் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனார். அதுவரை திரை உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மௌனமே மேல் என்பதல்ல என் கட்சி. பத்து விநாடிக்கு மேல் கவனம் நிற்காது என்று 1993-ல் யாகப் நீல்ஸன் எழுதினார். வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டுவதை உபயோகிப்பவர்கள் விரும்புவதை 1985-லேயே பிராட் மையர்ஸின் ஆய்வு காட்டியது. ஆனால் மீதி எவ்வளவு என்று ஸர்வருக்கே தெரியாத தேடல்கள் உண்டு. அங்கே சதவீதம் காட்டுவது இன்னொரு பொய். தெரிந்ததைச் சொல்லலாம்: கேள்வி போய்ச் சேர்ந்தது, பெயரைக் கொண்டு தேடுவதால் தாமதமாகும், இரண்டு நிமிஷத்தில் முடியாவிட்டால் நிறுத்திவிட்டு, முடியவில்லை என்று தெரிவிப்போம்.

பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட்டுகள் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடுகின்றன. அதன் பிறகும் உரியவர் கேட்டால் வங்கி கொடுத்தாக வேண்டும். ஆனால் கேட்பதற்கு, பணம் இருக்கிறது என்ற நம்பிக்கை அவரிடம் மிஞ்சியிருக்க வேண்டுமே. 'இல்லை' என்பது ஒரு பதில். 'தேடி முடியவில்லை' என்பது வேறொரு பதில். நாளைக்கு மறுபடி வரலாம் என்று அதற்கு அர்த்தம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாத வாக்கியம் எத்தனை 'தயவுசெய்து' போட்டாலும் மரியாதையான வாக்கியம் ஆகாது.