கேட்ட படிப்பும் கிடைத்த படிப்பும்

ரப்பர் மரத்துக்கு ஏறக்குறைய முப்பது வயதானால் பால் குறைந்துவிடும். அதன்பிறகு தோட்ட நிர்வாகம் அதை வெட்டிச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்யும். சாய்ந்த மரம் வெகுகாலம் விறகாகத்தான் போனது. லயத்து அடுப்பில் எரிந்தது, புகைக்கூடத்தில் எரிந்தது. எண்பதுகளில்தான் தளவாடத் தொழில் அந்தக் கட்டையைக் கண்டுகொண்டது. இன்று அது மேசை நாற்காலியாகி உலகம் முழுக்கப் போகிறது. அறுத்த பலகையை உடனே போரான் கரைசலில் பதப்படுத்த வேண்டும். உள்ளே மாவுச்சத்து அதிகம் என்பதால் விட்டுவைத்தால் பூஞ்சை நீலம் பாய்ச்சும், வண்டு துளைத்துவிடும்.

இதெல்லாம் நான் ஆசைப்பட்டுப் படித்ததல்ல. நான் கேட்டது மின்னணுப் பொறியியல்.

2006 இறுதியில் எஸ்.டி.பி.எம் எழுதினேன். அடுத்த ஆண்டு வந்த கடிதத்தில் மரத் தொழில்நுட்பம் என்று போட்டிருந்தது. என் விண்ணப்பத்தில் அந்தப் பெயரே இல்லை. அம்மாவிடம் விளக்கிச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்துவிட்டார். "நான் இருவது வருஷம் வெட்டுன மரத்த, நீ படிச்சி அறுக்கப் போறியா?"

அம்மா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் தன் நிரையை முடித்துவிடுவார். "வெயில் வந்தா மரம் பால இழுத்துக்கும்" என்பார். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் வெளியேறி, பால் குழாய்களில் அழுத்தம் இறங்குகிறது என்று படிவம் ஆறு உயிரியலில் படித்தபோது எனக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. பாலின் அடர்த்தியை மெட்ரோலாக் மிதவையை விட்டு அளப்பதும், பார்மிக் அமிலம் கலந்து உறையவைப்பதும் தோட்டத்தில் அன்றாட வேலை. ஆய்வுக்கூடச் சோதனை என்று அதற்குப் பெயர் வைக்க அங்கே ஆளில்லை, அவ்வளவுதான்.

இந்த மரம் வந்ததும் எங்கள் மாநிலம் வழியாகத்தான். 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ, கோலகங்சாரில் தன் இல்லத்துத் தோட்டத்தில் கன்றுகளை நட்டார். நூறு ஆண்டுகள் கழித்து அதே நிலங்களில் செம்பனை நுழைந்தது. ஒரே அளவு நிலத்துக்குச் செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். எங்கள் தோட்டமும் மாறியது. எனக்குப் பதினோரு வயதானபோது ஈப்போவில் புந்தோங்குக்கு வந்துவிட்டோம். லயத்தில் இருந்தவரை பாரம் நிரப்ப ஒரு கிராணி இருந்தார், அதற்கொரு வாத்தியார் இருந்தார். புந்தோங்கில் பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்தப் படிவத்தில் இருக்கிறான் என்பதே யாருக்கும் தெரியாது.

தோட்டம் போனதில் வேலை போனது, வீடு போனது என்று நிறைய எழுதிவிட்டோம். எதைப் படித்தால் எங்கே போகலாம் என்ற சேதி வாய்வழியாகப் போய்ச் சேர்ந்த வழியும் அதோடு போனது. அதைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

எஸ்.பி.எம் முடித்ததும் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஓராண்டு மெட்ரிகுலேஷன். மற்றது படிவம் ஆறு, எஸ்.டி.பி.எம். என் காலத்தில் இரண்டாவது வழியில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுப் பாடத்தையும் கடைசியில் ஒரே தேர்வில் கொட்ட வேண்டும். மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா மாணவர்களுக்கு 90 விழுக்காடு, மற்ற எல்லாருக்கும் சேர்த்து 10 விழுக்காடு. இரண்டு வழியாக வந்தவர்களும் பிறகு ஒரே பல்கலைக்கழக இடத்துக்குத்தான் போட்டி போடுகிறார்கள். இந்திய மாணவர்களுக்கென 2012இல் 1,500 இடங்களும் 2018இல் 2,200 இடங்களும் அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு வந்தபோதெல்லாம் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். ஒதுக்கீட்டு விகிதம் மட்டும் அப்படியே இருந்தது.

கிடைத்ததைப் படி, கெட்டிக்காரிக்கு எதுவும் ஒன்றுதான் என்று சொன்னவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் நடைமுறை வேறு. மலேசியாவில் பொறியாளர் என்று போட்டுக்கொள்ள 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறியாளர் வாரியத்தில் பதிய வேண்டும். அதற்கு அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம் வேண்டும். என் பட்டம் அறிவியல் பட்டம். நான் எத்தனை இயந்திரத்தைப் பிரித்துப் போட்டாலும் அந்தக் கதவு திறக்காது. அன்று வந்த ஒரு கடிதம் நாலு ஆண்டுப் படிப்போடு நிற்கவில்லை, பின்னால் வரும் நாற்பது ஆண்டுகளையும் அதுவே தீர்மானித்தது.

பட்டம் வாங்கியபின் ஒரு தளவாடத் தொழிற்சாலை நேர்காணலுக்குப் போனேன். ரப்பர் கட்டையைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்லியிருப்பேன். கேட்டது ஒரே கேள்வி: மாண்டரின் தெரியுமா? தெரியாது என்றேன். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஆய்வாளர் லீ ஹுவோக் அவ்னும் முகமட் அப்துல் காலிட்டும் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணக்கியல், பொறியியல் பட்டதாரிகள் போலக் கற்பனை விண்ணப்பங்கள் தயாரித்துத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். மலாய்ப் பெயர்களைவிடச் சீனப் பெயர்களுக்குப் பல மடங்கு அதிகமாக அழைப்பு வந்தது. அரசாங்கப் பக்கம் ஒரு கதவு, தனியார் பக்கம் இன்னொரு கதவு என்று அந்த ஆய்வு எனக்குப் பலதைப் புரியவைத்தது. படித்து முடித்தபின்தான் உறைத்தது, அந்தச் சோதனையில் இந்தியப் பெயர்களே இல்லை. இரண்டு பெரிய இனங்களை ஒப்பிடுவது அவர்கள் நோக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் என் பெயரைப் போட்டு அனுப்பியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

எல்லாக் கதையும் இப்படியே முடிவதில்லை. 2013இல் 'நேச்சர்' இதழில் செம்பனையின் மரபணுத் தொகுதி வெளியானது. கொட்டையின் ஓட்டுத் தடிமனைத் தீர்மானிக்கும் மரபணுவையும் அதே இதழில் அறிவித்தார்கள். ஓடு மெலிந்தால் எண்ணெய் கூடும். ஆகவே அது கோடிக்கணக்கில் பணம் புரளும் கண்டுபிடிப்பு. அந்தக் குழுவை வழிநடத்தியவர் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. கட்டுரையில் முதல் பெயர் ராஜீந்தர் சிங். எங்களை லயத்தைவிட்டுக் கிளப்பிய மரத்தின் உள்ளே போய்ப் பார்த்தவர்களில் நம் பெயர்களும் இருந்தன. நம் மேடைகளில் இந்தப் பெயர்களை நான் அதிகம் கேட்டதில்லை.

இப்போது நான் ஒரு மரச் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். சம்பளம் பரவாயில்லை. வேலையும் பிடித்துவிட்டது. பிடித்துப்போனதால் நடந்தது சரியாகிவிடாது.

அக்கா மகன் ஈப்போவில் படிவம் ஐந்து படிக்கிறான். எஸ்.பி.எம்மில் 10ஏ எடுத்தால் இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024 ஜூன் இறுதியில் பிரதமர் அறிவித்தார். அதிலிருந்து வீட்டில் ஒரே கணக்குதான். அவனுக்குத் தமிழோடு சேர்த்துப் பத்துப் பாடம். தமிழில் ஏ எடுப்பது கஷ்டம் என்று பையன்களுக்குள் பேச்சு. "தமிழ்ல பி வந்தா ஒம்போதுதான் சித்தி. வேற பாடத்துக்கு மாறிடவா?"

தமிழில் கட்டுரை எழுதுகிற சித்தியிடம் இந்தக் கேள்வி வந்தது. விடாதே என்று சொல்வது சுலபம். ஆனால் கடிதம் மாறி வந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அவன் அம்மா ஆலையில் இரண்டு ஷிப்ட் பார்க்கிறார். தனியார் கல்லூரிக்குப் பணம் கிடையாது. ஒரு பாடத்தை வைத்து என் பெருமையை நான் காப்பாற்றிக்கொள்ள முடியாது.

மூன்று நாள் கழித்து அவனே வழி சொன்னான். தமிழைப் பதினோராவது பாடமாக வைத்துக்கொண்டு, பத்தாவதாக வேறொன்றை எடுத்துப் படிப்பானாம். தமிழில் எது வந்தாலும் மற்ற பத்தும் கணக்குக்கு நிற்கும். வகுப்பில் மற்றவர்களைவிட ஒரு பாடம் அதிகம்.

நான் சரி என்றேன். வாரியம் அங்கீகரித்த பொறியியல் பட்டங்களின் பட்டியலை அவனுக்கு அனுப்பிவைத்தேன். சனிக்கிழமை இரவுகளில் வீடியோ காலில் இயற்பியல் பார்க்கிறோம். பத்தரை மணிக்கு மேல் அவனுக்குக் கண் சொக்குகிறது. "ஒரே ஒரு கணக்கு, முடிச்சிட்டுப் படு" என்கிறேன்.