வட்டக்கோட்டையில் கண்ட மீன்

திருத்தலப் பயணம் என்றவுடன் நம் பங்குகளில் முதலில் எழும் கேள்வி, "பேருந்தில் எத்தனை இடம்?" என்பதே. இருக்கைகள் அத்தனையும் நிறைந்தால்தான் கணக்குக் கட்டும். இரவில் புறப்பட்டு, விடியுமுன் ஓர் ஆலயம், பகலில் மூன்று, மாலையில் கடற்கரை, மறுநாள் காலையில் வீடு. திரும்பிய பின், எந்தப் பீடத்தை எந்த ஊரில் கண்டோம் என்பதுகூட நினைவில் நிற்பதில்லை. மெழுகுதிரி ஏற்றினோம், படம் எடுத்தோம், மிட்டாய் வாங்கினோம். ஆனால் பார்த்தோமா?

இத்தகைய பயணங்களை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஏழைக் குடும்பங்கள் ஆண்டுக்கொருமுறை ஊரை விட்டு வெளியே வர அவையே வழி. எனினும், இறைவனுக்கென்று மனிதன் கல்லிலும் மரத்திலும் வண்ணத்திலும் படைத்து வைத்தவற்றைக் கண்ணாரக் காண்பதற்கு வேறொரு முறையும் உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் போதும். விவரம் அறிந்த வழிகாட்டி ஒருவர் வேண்டும். ஓரிடத்தில் ஒரு மணி நேரம் நிற்கும் பொறுமையும் வேண்டும். இம்முறையில் பங்கு மக்கள் பதினொருவருடன் நாஞ்சில் நாட்டில் இரண்டு நாள்கள் நாம் சுற்றி வந்தோம். வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இந்து சமயத்தவர். அவ்வட்டாரத்தின் கல்வெட்டுகளையும் கோயில்களையும் நன்கறிந்த பெரியவர்.

முதல் நாள் விடியலில் கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா ஆலயத்தில் திருப்பலி. கடலை நோக்கி வெண்ணிறமாய் எழுந்து நிற்கும் இவ்வாலயம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோதிக் பாணியில் கட்டப்பட்டது. கூர்நுனி வளைவுகளும் வான்நோக்கி ஒடுங்கும் கோபுரங்களும் அப்பாணியின் அடையாளங்கள். நடுக் கோபுரத்தின் உயரம் 153 அடி என்றும், அது முழுச் செபமாலையின் 153 அருள்நிறை மந்திரங்களைக் குறிப்பது என்றும் இவ்வூர் மக்கள் பெருமையுடன் சொல்வர். யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் சீடர்களின் வலையில் அகப்பட்ட மீன்களும் 153 அல்லவா என்று நம் குழுவில் ஓர் இளைஞர் நினைவூட்டினார். மீனவர் பங்கில் இது பொருத்தமான நினைவே. அந்த மீன்கள் நம்மைவிட்டு எளிதில் அகலப் போவதில்லை என்பதை அப்போது நாம் எண்ணவில்லை.

அங்கிருந்து வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் கடலோரம் நிற்பது வட்டக்கோட்டை. "கோயிலும் இல்லை, சிற்பமும் இல்லை, கோட்டைக்கு ஏன் போகிறோம் சாமி?" என்று சிலர் கேட்டனர். நாம் காணவிருந்த புனிதர் ஒருவரின் வரலாற்றை இக்கோட்டையை மறுபடி கட்டியவரை விட்டுவிட்டுச் சொல்ல இயலாது என்பதே அதற்கு மறுமொழி.

பெயர்தான் வட்டக்கோட்டை, அமைப்போ நாற்கரம். கருங்கல் மதில்கள் 25 அடிக்கு மேல் உயர்ந்து, ஏறத்தாழ மூன்றரை ஏக்கர் நிலத்தை வளைத்து நிற்கின்றன. முன்புறத்தில் மதிலின் கனம் 29 அடி என்றும், பின்புறத்தில் 6 அடி என்றும் முன்னாளில் அளந்து எழுதியிருக்கின்றனர். சரிவான கற்பாதை வழியே மேலேறினால் ஒருபுறம் நீலக்கடல், மறுபுறம் தென்னந்தோப்புகள், தொலைவில் மேற்குத் தொடர்ச்சி மலை. முதியோரும் மெல்ல நடந்தால் ஏறிவிடலாம். நடுப்பகல் வெயிலில் கல் சுடும். ஆதலால் காலையிலோ மாலையிலோ செல்வதே நன்று. இன்று இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக் கம்பெனியின் படையை முறியடித்தது. அப்போது சிறைப்பட்டவர்களுள் ஒருவர் எவுஸ்தாக்கியுஸ் டி லனாய், கத்தோலிக்கர். மன்னர் அவருடைய திறமையை அறிந்து தம் படைக்குப் பயிற்சி தரும் பொறுப்பை ஒப்படைத்தார். சிறைக்கைதியாக வந்தவர் 'வலிய கப்பித்தான்' என்று பெயர் பெற்றார். கோட்டைகளைப் புதுப்பித்தார், அவற்றுள் ஒன்று வட்டக்கோட்டை.

ஆசிரியர் இவற்றைச் சொல்லிக்கொண்டே வருகையில், கல்லில் செதுக்கிய மீன் உருவம் ஒன்றை இளைஞர் கண்டுவிட்டார். "சாமி, இங்கே பாருங்கள்! நம்முடைய மீன்! டி லனாய் வேண்டுமென்றே பொறித்திருக்கிறார்!" என்று கூவினார். உடனே அனைவரும் சூழ்ந்து நின்றனர். ஒருவர் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். மற்றொருவர் படம் எடுத்தார்.

இளைஞரின் எண்ணத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 'இயேசு கிறிஸ்து, கடவுளின் மகன், மீட்பர்' என்னும் கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால், மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல் கிடைக்கும். ஆகவே தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் மீனைத் தம் விசுவாசத்தின் அடையாளமாகக் கொண்டனர். உரோமையில் புனித கலிஸ்துவின் நிலத்தடிக் கல்லறைகளில், அப்பக்கூடையோடு கூடிய மீன் ஓவியம் இன்றும் உண்டு. இவற்றை மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக் கொடுத்தவர்களே நாம்தாம்.

ஆசிரியர் உடனே மறுக்கவில்லை. நம் முகத்தைப் பார்த்தார். நம் மக்களின் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம் என்ற நாகரிகம் அது. அவர் காத்த அமைதிக்குள் நாம் மறைந்துகொள்ளலாகாது என்று தோன்றிற்று. "ஐயா, உள்ளதைச் சொல்லுங்கள்" என்றோம். அவர் தாழ்ந்த குரலில், "மீன் பாண்டியர் இலச்சினை. இப்பகுதியில் பாண்டியர் ஆட்சி நிலவியதுண்டு. இந்தக் கோட்டையின் மீனையும் அவர்களோடு தொடர்புபடுத்தியே சொல்வது வழக்கம்" என்றார்.

இளைஞரின் முகம் வாடிற்று. ஆனால், அன்பு வாசகர்களே, இதைக் குறித்து நாம் சற்று எண்ண வேண்டும். பாண்டியர் கல்லில் இருப்பதைக் கிறிஸ்துவின் அடையாளம் என்று நாம் சொல்லிப் பரப்பினால், அதனால் கிறிஸ்துவுக்கு என்ன பெருமை? பிறர் கல்லில் நம் பெயரை எழுதிக்கொள்வது பக்தியாகாது. உண்மையே வடிவான ஆண்டவருக்குப் பொய்ச் சான்று தேவையில்லை. அதே வேளையில், அம்மீனைக் கண்டு நம் மீட்பரை நினைத்துச் செபிக்க எவரும் தடை சொல்லப் போவதில்லை. நினைவு வேறு, உரிமை கொண்டாடுவது வேறு. இந்த வேறுபாட்டைக் கற்றுக் கொண்டோமானால், அதற்கே இப்பயணம் தகும்.

இப்பாடம் அன்று மாலையே பயன்பட்டது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் ஏழுநிலைக் கோபுரம் 134 அடி உயர்ந்து நிற்கிறது. உள்ளே, ஒரே கல்லில் பல சிறு தூண்களைச் செதுக்கி, தட்டினால் இன்னிசை எழும்படி சிற்பிகள் செய்து வைத்த தூண்களைக் கண்டோம். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அறிவித்தது. இது வெறும் ஏட்டுப் பாடமன்று. அந்தத் தூண்களின் முன் மரியாதையுடன் மௌனமாய் நிற்பதும் அதன் நிறைவேற்றமே. பின்பு நாகர்கோவிலில் நாகராஜா கோயிலுக்குச் சென்றபோது, தூண்களில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களை ஆசிரியர் காட்டினார். சமணர் இங்கு வாழ்ந்த காலத்தின் சாட்சி அவை. அவற்றை எவரும் சிதைத்து அகற்றவில்லை. "சாமி, நாஞ்சில் நாட்டில் கல் பொய் சொல்வதில்லை; நாம்தான் அதைப் பேசவிட வேண்டும்" என்றார் அவர்.

இரண்டாம் நாள் தக்கலை அருகே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. இன்று வனத்துறையின் பூங்காவாக மரங்கள் அடர்ந்திருக்கும் இக்கோட்டைக்குள், கூரையிழந்த சிற்றாலயம் ஒன்று உள்ளது. 1777 ஜூன் 1 அன்று மறைந்த டி லனாய் அங்கே துயில்கிறார். மனைவியின் கல்லறையும் மகனின் கல்லறையும் அருகிலேயே. கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 37 ஆண்டுகள் மன்னருக்கு மிக்க உண்மையுடன் ஊழியம் புரிந்தவர் என்று அவ்வெழுத்து அவரைப் போற்றுகிறது.

அக்கல்லறையருகே அமர்ந்துதான் புனித தேவசகாயத்தின் வரலாற்றை நம் குழுவினருக்குச் சொன்னோம். 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், அரண்மனை அலுவலர். குடும்பத்தில் இழப்பு மேல் இழப்பு வந்து மனம் தளர்ந்திருந்தபோது, டி லனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று அவர் தேவசகாயம் ஆனார். இலாசர் என்னும் பெயரின் தமிழாக்கம் அது. 1749இல் கைதானார். எருமை மேல் பின்நோக்கி அமர்த்தி ஊர் ஊராய் இழுத்துச் சென்றனர். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றனர்.

இதைக் கேட்ட மூத்த அம்மையார் ஒருவர் சற்று நேரம் கல்லறையையே நோக்கியிருந்து விட்டு, "சாமி, விசுவாசத்தை ஊட்டினவர் இவர். ஊட்டப்பட்டவரை அரசாங்கம் கொன்றது. அதற்குப் பின்னும் இருபத்தைந்து வருஷம் இவர் அதே அரசாங்கத்துக்கு எப்படி உழைத்தார்?" என்று கேட்டார்.

அருமையான கேள்வி. பெரிய கூட்டத்தில் இக்கேள்வி எழுந்திருக்காது. எழுந்தாலும் பேருந்தின் ஊதல் அதை விழுங்கியிருக்கும். நாம் விரைந்து விடை கூறவில்லை. மதில்களை எழுப்பியவரின் மதில்களுள் ஒன்றுகூட அவருடைய நண்பரைக் காக்கவில்லை என்பது உண்மை. ஒருவர் கல்லறையில் மன்னருக்கு உண்மையாயிருந்தவர் என்ற புகழ். மற்றவரோ எல்லா மன்னருக்கும் மேலான மன்னருக்கு உண்மையாயிருந்து உயிர் கொடுத்தார். அலுவலகத்திலும் ஆலையிலும் கடையிலும் ஊழியம் செய்து பிள்ளைகளை வளர்க்கும் நம் குடும்பத் தலைவர்கள் பலரும் இவ்விரண்டு உண்மைகளுக்கும் நடுவேதான் நாள்தோறும் நிற்கின்றனர். டி லனாயைத் தீர்ப்பிட நாம் அங்கே போகவில்லை. அவருடைய கேள்வி நம்முடைய கேள்வியும் ஆகும் என்று உணர்ந்து, அவர் ஆன்மாவுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லி எழுந்தோம்.

அங்கிருந்து, தேவசகாயம் முழங்கையால் தட்டியதும் நீர் சுரந்தது என்று மக்கள் வணங்கும் முட்டிடிச்சான் பாறையைத் தரிசித்தோம். பின்னர் கிழக்கே திரும்பிக் காற்றாடிமலை. பெயருக்கேற்பக் காற்று ஓயாத இடம் அது. கடைசியாகக் கோட்டாறு புனித சவேரியார் பேராலயம். பீடத்தின் முன் அமைந்த தேவசகாயத்தின் கல்லறையருகே முழந்தாளிட்டோம். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் உயர்த்தப்பட்ட அவர், இந்தியப் பொதுநிலையினருள் முதல் மறைசாட்சியாகப் பீட மகிமை பெற்றவர். விலங்கிட்ட கைகளுடன் செபிக்கும் அவருடைய சுரூபத்தை நம் பங்குகள் பலவற்றிலும் இன்று காண்கிறோம். துறவற உடையோ படைவீரர் கவசமோ அவருக்கு இல்லை. வேட்டி கட்டிய தமிழ்க் குடும்பத் தலைவர் ஒருவரைப் பீடத்தில் காண்கிறோம். திருக்கலை நம் வீட்டு முகத்தை அணிந்துகொண்ட இடம் அது.

பங்குகளில் இத்தகைய பயணம் ஏற்பாடு செய்ய விரும்புவோர்க்குச் சில சொற்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம்; வழிகாட்டியின் குரல் கடைசி ஆளுக்கும் எட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு இடங்களுக்கு மேல் வேண்டாம். சிறுவரும் முதியவரும் கலந்திருக்கட்டும், கேள்விகள் சிறக்கும். பிற சமயக் கோயில்களில் அவர்கள் முறைப்படி நடந்துகொள்ளுங்கள். எங்கும் சுவரில் பெயர் கிறுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நமக்கு விருப்பமானதைச் சொல்பவரைவிட உள்ளதைச் சொல்பவரையே வழிகாட்டியாகத் தேடுங்கள். அவர் நம் சமயத்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை.

செலவு கூடுமே என்பர். ஆம், தலைக்குச் சற்றுக் கூடும். ஆனால் ஆண்டுக்கு ஒரு பெரிய பேருந்துக்குப் பதில், பங்கின் அன்பியங்கள் முறைவைத்து ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லலாம். வசதியுள்ள குடும்பம் வசதியற்ற ஒருவரின் செலவை ஏற்கலாம். வட்டக்கோட்டையின் மீன் பாண்டியருடையதாகவே இருக்கட்டும். அதைக் கண்டு உண்மை பேசக் கற்றுக்கொண்ட நாவும், கல்லறையருகே கடினமான கேள்வியைக் கேட்கத் துணிந்த உள்ளமும் நம்முடையவை. அவற்றை வீட்டுக்குக் கொண்டு வருவதே நல்ல யாத்திரை.