இடுப்பில் ஒரு கத்தி: செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் கடற்கரை வரை

செங்கல்பட்டு மாவட்டத்தில் வயலுக்கோ தோப்புக்கோ கடலுக்கோ கிளம்புகிறவர்கள் வெறுங்கையோடு போவது குறைவு. லுங்கி மடிப்பில் ஒரு மடக்குக்கத்தி, இடுப்புக் கயிற்றில் ஒரு சூரிக்கத்தி, சைக்கிள் கேரியரில் சாக்குத்துணி சுற்றிய அரிவாள் என்று ஏதாவது ஒன்று கூடவே போகும். கயிறு அறுக்க, உரமூட்டையின் வாய் பிரிக்க, மாட்டுக்குத் தழை ஒடிக்க, மதியம் ஒரு மாங்காய் நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். டீக்கடை பெஞ்சில் ஒருவர் கத்தியை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் அதை வாங்கி நகத்தின் மேல் வைத்துப் பதம் பார்ப்பார். எந்தப் பட்டறையில் அடித்தது, எத்தனை வருடம் ஆயிற்று, பிடி எந்த மரம் என்று பேச்சு நீளும்.

வாங்கிப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். கொடுத்தால் சண்டை வரும் என்பது நம்பிக்கை. விரல் வெட்டுப்படாது என்பது அதற்குள் இருக்கும் நல்ல காரணம்.

மதுராந்தகம் கரும்பு வயல்களில் தொடங்கி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் ஒரே மாவட்டத்துக்குள் பல தொழில்களின் கத்திகளைப் பார்த்துவிடலாம். எந்த வேலைக்கு எந்தக் கத்தி என்பது இந்தச் சுற்றில் தெரியும். கத்தியை எடுக்கவே கூடாத இடம் ஒன்று இருப்பதும் தெரியும்.

பல்லாவரத்துக் கைக்கோடரி

இந்த மண்ணுக்கும் கைக்கருவிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் செம்பாறைச் சரளையிலிருந்து ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்தக் கண்டெடுப்பில்தான் தொடங்குகிறது. இன்று பல்லாவரம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருக்கிறது. கைக்குள் அடங்குகிற, வெட்டவும் கிழிக்கவும் தோலுரிக்கவும் பயன்பட்ட அந்தக் கல்தான் நம் மடக்குக்கத்தியின் மூத்த பாட்டன் என்று சொல்லலாம்.

அதற்கு வெகுகாலம் கழித்து வந்தது இரும்பு. மதுராந்தகம் பக்கம் சானூரில் 1950-லும் 1952-லும் இந்தியத் தொல்லியல் துறை பெருங்கற்காலப் புதைகுழிகளைத் தோண்டியபோது இறந்தவர்களோடு வைத்த இரும்புக் கருவிகள் கிடைத்தன. வாழ்ந்தபோது கூடவே இருந்த கருவியை இறந்தபிறகும் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். இன்றும் ஆயுத பூஜை அன்று கத்தி, அரிவாள், மண்வெட்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் இடுகிறோம்.

கரும்பு வயல்: கத்தி கொண்டுபோகும் நோய்

மதுராந்தகம் வட்டாரம் கரும்புக்குப் பெயர் பெற்றது. படாளத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. இங்கே வெட்டுக்கத்தி ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு, ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடந்துகொண்டே இருக்கும். கத்தியோடு நோயும் நடக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மறுதாம்புக் குட்டை நோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. நோயுள்ள கரும்பின் சாறு கத்தியில் ஒட்டி அடுத்த கரும்பின் வெட்டு வாயில் ஏறும். வெளியே பெரிய அறிகுறி தெரியாது. மறுதாம்பில் தூர்கள் குட்டையாகி, கரும்பு மெலிந்து, எடை குறைந்து நிற்கும். உரம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்று விவசாயி நினைத்துக்கொண்டிருப்பார். இதைத் தடுக்க இரண்டு வேலை செய்தால் போதும். விதைக்கரணையை 50 டிகிரி வெந்நீரில் 2 மணி நேரம் நேர்த்தி செய்து நட வேண்டும். வெட்டுக்கத்தியை ஒரு வயல் முடிந்து அடுத்த வயலுக்குப் போகும் முன் கழுவி, கொதிநீரிலோ கிருமிநாசினியிலோ முக்கி எடுக்க வேண்டும். ஆட்கள் வைத்து வெட்டுகிறவர்கள் வரப்பில் ஒரு வாளி வைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

தக்காளி, மிளகாய்ச் செடிகளைத் தாக்கும் தேமல் நச்சுயிரியும் கத்தியிலும் கையிலும் ஒட்டிப் பரவக்கூடியதே. பக்கக்கிளை கிள்ளும் முன் கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தண்டரையின் சிறுகத்தி

செங்கல்பட்டுக்கு அருகே தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986 முதல் இயங்குகிறது. மூலிகை வளர்ப்பும் நாற்றுப்பண்ணையும் இங்கே முக்கிய வேலைகள். மூலிகை எடுப்பதில் கத்தியின் அளவைவிட வெட்டும் கையின் அறிவு பெரிது. பட்டை வேண்டுமென்றால் மரத்தைச் சுற்றிலும் உரிக்கக் கூடாது. சுற்றி உரித்தால் இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்காமல் மரம் செத்துவிடும். ஒரு பக்கத்தில் சிறு பட்டையாக எடுத்தால் காயம் ஆறி மூடும்.

நாற்றுப்பண்ணையில் ஒட்டுக்கட்டும் கத்திக்கும் இதே நியாயம்தான். மா ஒட்டில் ஒரே இழுப்பில் வெட்டு வழவழப்பாக விழுந்தால் தாய்க்குச்சியும் வேர்ச்செடியும் ஒட்டிக்கொள்ளும். மழுங்கிய கத்தியால் கசக்கி வெட்டினால் அந்த இடம் காய்ந்து அழுகும். ஒட்டு பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்கள் முதலில் கத்தியைப் பார்க்க வேண்டும்.

மாமல்லபுரம்: உளியும் உலையும்

திருக்கழுக்குன்றம் மலையைத் தாண்டிக் கிழக்கே போனால் மாமல்லபுரம். திரௌபதி ரதத்துக்குள் கொற்றவையின் காலடியில் மண்டியிட்டு, தன் தலைமயிரை ஒரு கையில் பிடித்து, மறுகையில் வாளைக் கழுத்துக்குக் கொண்டுபோகும் பக்தனைப் பல்லவர் காலச் சிற்பி செதுக்கியிருக்கிறார். அந்த வாளையும் செதுக்கியது ஓர் உளிதான்.

இன்றும் ஊருக்குள் நுழைந்தால் உளிச்சத்தம் கேட்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருங்கல்லில் அடிக்கிற உளி சீக்கிரம் மழுங்கும். அதை உலையில் காய்ச்சி, முனை தட்டி, தண்ணீரில் தோய்த்துப் பதம் ஏற்ற வேண்டும். பதம் கூடினால் முனை தெறிக்கும், குறைந்தால் மடங்கும். இப்போது கார்பைடு முனை உளியும் மின்கருவியும் வந்து உலையின் வேலையைக் குறைத்துவிட்டன.

கிராமத்துக் கொல்லர் பட்டறைக்கும் இதே நிலைமைதான். லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி, காய்ச்சி அடித்துச் செய்த அரிவாளுக்கு ஒரு தலைமுறை உழைக்கும் உறுதி உண்டு. சந்தையில் பளபளவென்று தொங்கும் தகடு கத்தி இரண்டு மாதத்தில் வாய் மடங்கி, திரும்பத் திரும்ப வாங்க வைக்கிறது. பட்டறை மூடிவிட்டால் கத்தி அடிக்க மட்டுமல்ல, களைக்கொத்துக்கு முனை வைக்கவும் ஆள் இருக்காது. ஊரில் பட்டறை இருந்தால் வருடத்துக்கு நாலு வேலையாவது அங்கே கொடுப்பது விவசாயிக்கே லாபம்.

வெளிநாட்டில் இதைக் காப்பாற்றியவர்கள் இருக்கிறார்கள். பிரான்சின் மலைநாடான சவோயில் ஜோசப் ஒப்பினெல் 1890-ல் செய்த மரப்பிடி மடக்குக்கத்தி, அந்த ஊர் விவசாயிகளுக்கான சாதாரணக் கத்திதான். இன்றும் அதே வடிவில் உலகெங்கும் விற்கிறது. ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனோகாமி மடக்குக்கத்தியும் அப்படித்தான். 

பனையும் கடலும்

கடற்கரைச் சாலையில் கோடைக்காலத்தில் நுங்குக் குலைகள் குவிந்திருக்கும். நுங்கு சீவுவதற்குக் கனமான அரிவாள் போதும். பதநீருக்குப் பாளை சீவுவது வேறு. காகிதம் போல மெல்லியதாகச் சீவினால்தான் பாளை தொடர்ந்து சுரக்கும். அதற்குப் பாளை அரிவாள் சவரக்கத்தி போல இருக்க வேண்டும். பனையேறிகள் அதை இடுப்பில் கட்டிய பெட்டியில் தனியாக வைப்பார்கள். மரப்பலகையில் நுண்பொடி தூவித் தீட்டுவார்கள். வேறு எதையும் அதால் வெட்ட மாட்டார்கள். பனைமரம் வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. மரம் மிஞ்சினாலும் ஏறுகிறவர் இல்லாவிட்டால் பாளை அரிவாள் பரணுக்குத்தான் போகும்.

கடலுக்குப் போகும் மீனவரின் கத்தி உயிர்காப்புக் கருவி. நைலான் கயிறு காலில் சுற்றினாலும், இயந்திரத்தின் விசிறியில் வலை சிக்கினாலும் ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். வலையில் ஆமை மாட்டினால் கண்ணியை அறுத்து உயிரோடு விடவும் அதே கத்திதான். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கரையோரத்தில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு வெட்டின் மதிப்பு தெரியும்.

வடநெம்மேலி: கத்தி எடுக்கக் கூடாத இடம்

மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோய், பிழைப்பிழந்த இருளர்களுக்காக ரோமுலஸ் விட்டேகர் துணையோடு 1978-ல் தொடங்கியது. இவர்களின் முக்கியக் கருவி கத்தியல்ல, கடப்பாரை. வயல்வரப்பில் எலிவளையையும் பாம்பு வளையையும் அதால் பதமாகத் தோண்டுகிறார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமாக ஒரு சிறு வெட்டு வைத்துப் பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்தச் சங்கத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

இங்கிருந்து போகும் விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. ஆனால் வயலில் பாம்பு கடித்ததும் இன்னும் பலர் இடுப்புக் கத்தியை எடுத்துக் கடிவாயைக் கீறுகிறார்கள். இது உயிருக்கு ஆபத்து. விரியன் விஷம் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துவிடும். கீறிய இடத்தில் இரத்தம் நிற்காது. நரம்பு அறுபடலாம், புண் சீழ் பிடிக்கலாம். விஷம் மட்டும் வெளியே வராது.

கடிபட்டவரைப் படுக்கவைத்துப் பதற்றம் குறையுங்கள். மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றுங்கள். கடிபட்ட கை, காலை ஒரு கட்டையோடு சேர்த்து அசையாமல் கட்டுங்கள். இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இந்த வட்டாரத்துக்குப் பெரிய துணை.

கத்தியைப் பார்த்துக்கொள்ள

1. தீட்டும்போது தண்ணீர் விட்டு, கல்லில் ஒரே சாய்வில், இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் இழுக்கவும். ஒட்டுக்கத்திக்குச் சீவல் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் தீட்டவும்.

2. சாணைச் சக்கரத்தில் வாய் நீலநிறமானால் பதம் போய்விட்டது என்று பொருள். இடையிடையே தண்ணீரில் நனைக்கச் சொல்லவும்.

3. சாதாரண எஃகு நன்றாகக் கூர் ஏறும், ஆனால் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவவும். கடலுக்குப் போகிறவர்கள் துருப்பிடிக்காத எஃகு வாங்கி, கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவவும்.

4. கத்தி வெட்டு ஆழமாக இருந்தால், துருக்கத்தியோ புதுக்கத்தியோ, கழுவிவிட்டு டி.டி. ஊசி போட்டுக்கொள்ளவும்.

5. வேலைக்கத்தி வைத்திருப்பது குற்றமா என்று பலர் கேட்கிறார்கள். ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைப் பட்டியலிடுகின்றன. வீட்டு, விவசாய வேலைக்கென்று செய்த கருவிகளுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனாலும் பேருந்திலும் திருவிழாக் கூட்டத்திலும் கத்தியை உறையில் போட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுபோவதே நல்லது.