மத்தியதரைக் கடலில் எங்கள் பயணம்

2019ஆம் ஆண்டு இறுதி விடுமுறையில் நாங்கள் ஐவரும் பார்சிலோனாத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பலேறினோம். மாளிகையொத்த அக்கப்பலில் உணவுக்கும் கேளிக்கைக்கும் குறைவில்லை. ஆயினும், உரோமாபுரியைக் காணக் கிடைத்த நேரம் சிறிதே. துறைமுகத்திலிருந்து அந்நகர் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ளதால், பகலின் பெரும்பொழுது பேருந்திலேயே கழிந்தது. கொலோசியம் அரங்கை வெளியே நின்று கண்டதோடு திரும்பினோம்.

மறுநாள் நேப்பிள்ஸில் இறங்கி, கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதையுண்ட பொம்பெயி நகரைக் கண்டு வியந்தோம். வண்டித்தடம் பதிந்த கல்வீதிகள் இன்றும் அங்குள்ளன.

அன்றிரவு கடல் கொந்தளித்தது. நாங்கள் நால்வரும் தலைசுற்றிச் சோர்ந்தோம். சிறுவயதில் ரஜூலாக் கப்பலின் தளத்தில் மூட்டைமேல் படுத்து நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்த பாட்டியார் மட்டும் கலங்காது எங்களைப் பேணினார். அவர் அன்று பிழைப்பை நாடிக் கடல் கடந்தார். நாங்களோ களிப்பை நாடிக் கடந்தோம். பால்மரம் வெட்டி அவர் எங்களுக்களித்த கல்வியே இவ்வேறுபாட்டிற்குக் காரணமென உணர்ந்தோம்.